கேரவனை இழுக்கவும் காட்டுப்பாதையில் ஓடவும் மின்சார வண்டி தயாரா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இப்போது டீசல் பிக்கப் வைத்திருக்கிறீர்கள். இரண்டரை டன் கேரவனை, அதாவது வண்டிக்குப் பின்னால் கட்டி இழுக்கும் வீட்டு ட்ரெய்லரை, ஆண்டுக்குச் சில தடவை நெடுந்தூரம் இழுத்துப் போகிறீர்கள். மற்ற வார இறுதிகளில் மணல், சேறு, பாறை என்று கரடுமுரடான பாதைகளில் ஓட்டுகிறீர்கள். அடுத்த வண்டியை மின்சாரமாக எடுத்தால் இந்த இரண்டு வேலைக்கும் தாங்குமா என்பது கேள்வி.

பலத்தைப் பொறுத்தவரை எப்போதோ தயார். கரடுமுரடான பாதைக்கு, பெரும்பாலானவர்கள் ஓட்டும் விதத்துக்கு, தயார். உயரமான கேரவனைக் கட்டிக்கொண்டு ஒரே நாளில் 500, 600 கிலோமீட்டர் போவதற்கு இன்னும் தயாராகவில்லை. இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் ஒருவர் "அருமை" என்கிறார், இன்னொருவர் "வேலைக்கு ஆகாது" என்கிறார். இரண்டு பேரும் அவரவர் அனுபவத்தில் உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

முதலில் பலம். 2019 ஜூலையில் ஃபோர்டு நிறுவனம் மின்சார எஃப்-150 பிக்கப்பின் முன்மாதிரியை வைத்து, பிக்கப்கள் ஏற்றிய 10 இரட்டை அடுக்கு ரயில் பெட்டிகளை இழுத்துக் காட்டியது. மொத்த எடை 10 லட்சம் பவுண்டுக்கு மேல், அதாவது 450 டன்னுக்கு மேல். இழுத்த தூரம் 1,000 அடி. தண்டவாளத்தில் உருளும் சக்கரத்துக்கு உராய்வு மிகக் குறைவு என்பதால், கேட்கும்போது தோன்றும் அளவுக்கு இது பெரிய அதிசயம் இல்லை. ஆனாலும் மின்மோட்டாரின் குணம் அதில் தெரிகிறது. எஞ்சின் வேகம் பிடித்த பிறகுதான் டார்க், அதாவது சக்கரத்தைத் திருகும் விசை, தரும். மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு டார்க்கையும் தரும். டீசல் ரயில் எஞ்சின்கள் பலவற்றிலும் சக்கரத்தைச் சுழற்றுவது மின்மோட்டார்தான், டீசல் எஞ்சின் ஜெனரேட்டரை மட்டும் ஓட்டுகிறது. கேரவனோடு ஏற்றத்தில் நின்று புறப்பட வேண்டிய இடத்தில் இந்த வித்தியாசம் உடனே தெரியும். கிளட்ச் வாசம் வராது, பின்னால் உருளாது, ஒரே சீராக நகரும்.

அப்புறம் நிறுவனங்கள் தரும் எண்கள். 2015இல் வந்த டெஸ்லா மாடல் எக்ஸ் 5,000 பவுண்டு, ஏறக்குறைய 2,270 கிலோ இழுக்கலாம் என்று வந்தபோது அதுவே பெரிய செய்தி. இன்று ரிவியன் ஆர்1டி, டெஸ்லா சைபர்டிரக் இரண்டும் 11,000 பவுண்டு, அதாவது 5 டன்னுக்குச் சற்றுக் குறைவு. 2025இல் தயாரிப்பு நிறுத்தப்பட்ட ஃபோர்டின் மின்சார எஃப்-150 லைட்னிங் சரியான பேக்கேஜோடு 10,000 பவுண்டு. பிக்கப் இல்லாமல் கார் வகையில் பார்த்தால் பிஎம்டபிள்யூ ஐஎக்ஸ், கியா இவி9 போன்றவை ஐரோப்பாவில் 2,500 கிலோ வரை இழுக்க அனுமதி பெற்றவை. இன்னொரு பக்கம், விற்பனையில் உள்ள மின்சார கார்கள் பலவற்றுக்கு ட்ரெய்லர் இழுக்க அனுமதியே இல்லை. பின்னால் கொக்கி இருந்தாலும் அது சைக்கிள் ஸ்டாண்டுக்கு மட்டுமாக இருக்கலாம். அதனால் வாங்கும் முன் பதிவுச் சான்றிலோ கையேட்டிலோ உள்ள எண்ணைக் கண்ணால் பாருங்கள்; விற்பனையாளர் வாயால் சொல்வது போதாது.

இந்த இழுவை எண் எதை அளக்கிறது என்று தெரிந்துகொள்வது முக்கியம். அமெரிக்காவில் பிக்கப்களுக்குப் பயன்படும் எஸ்ஏஇ ஜே2807 என்ற தரநிலையை எடுத்துக்கொள்ளுங்கள். அரிசோனாவில் டேவிஸ் டேம் என்ற இடத்தில் உள்ள நீண்ட மலையேற்றத்தை அடிப்படையாகக் கொண்டது அது. கொளுத்தும் வெயிலில், முழுச் சுமையோடு, ஏசியும் ஓட, குறைந்தபட்ச வேகத்துக்குக் கீழே இறங்காமல் ஏற வேண்டும். பிரேக் பிடிக்கிறதா, ட்ரெய்லர் ஆடினால் அடங்குகிறதா, ஏற்றத்தில் நின்று புறப்பட முடிகிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். எவ்வளவு தூரம் போகும் என்று மட்டும் பார்க்க மாட்டார்கள். டீசல் காலத்தில் அது தேவைப்படவும் இல்லை. மின்சார வண்டிக்கு அந்த விடுபட்ட எண்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

அதை நாமே கணக்குப் போட்டுப் பார்ப்போம். 120 யூனிட் (ஒரு கிலோவாட் மணிதான் ஒரு யூனிட்) பயன்படுத்தக்கூடிய பேட்டரி உள்ள 3 டன் பிக்கப் ஒன்றை வைத்துக்கொள்வோம். சமதரையில், காற்றில்லாத நாளில், மணிக்கு 100 கிலோமீட்டரில் தனியாக ஓடும்போது காற்றின் எதிர்ப்பும் டயர் உருளும் எதிர்ப்பும் சேர்ந்து 100 கிலோமீட்டருக்கு 27 யூனிட் அளவில் குடிக்கும். 440 கிலோமீட்டர் போகலாம். இப்போது பின்னால் இரண்டரை டன் எடையுள்ள, இரண்டேகால் மீட்டர் அகலமும் இரண்டரை மீட்டர் உயரமும் கொண்ட உங்கள் கேரவனைக் கட்டுங்கள். அதே 100 கிலோமீட்டர் வேகத்தில் செலவு 60 யூனிட்டைத் தொடும். தூரம் 200 கிலோமீட்டராகச் சுருங்கும்.

இதில் எடையின் பங்கு பலரும் நினைப்பதைவிடக் குறைவு. அதே இரண்டரை டன்னைத் தாழ்வான தட்டு ட்ரெய்லரில் ஏற்றி, வண்டியின் நிழலிலேயே காற்று படாமல் இழுத்துப் போனால் செலவு 40 யூனிட்டுக்குள் அடங்கும், 300 கிலோமீட்டர் கிடைக்கும். வித்தியாசம் முழுக்க முழுக்கக் காற்றால் வருவது. கேரவனோடு நெடுஞ்சாலையில் போவது ஒரு கதவைக் குறுக்காகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுவதற்குச் சமம். கதவு கனமா லேசா என்பது இரண்டாவது விஷயம்.

காற்று என்றாலே வேகம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்பதால், அதே கேரவனோடு 80 கிலோமீட்டர் வேகத்துக்கு இறங்கினால் செலவு 45 யூனிட்டுக்கு வரும், 265 கிலோமீட்டர் போகலாம். 110 கிலோமீட்டருக்கு ஏற்றினால் 70 யூனிட், 170 கிலோமீட்டர். ஓட்டுநரின் வலது காலுக்குள் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தூரம் ஒளிந்திருக்கிறது. எதிர்காற்று மணிக்கு 20 கிலோமீட்டரில் வீசினால் அந்தக் கணக்கு அப்படியே உங்களுக்கு எதிராகத் திரும்பும். குளிர்காலத்தில் பேட்டரியையும் உள்ளறையையும் சூடாக்கும் செலவு தனி.

"டீசலுக்கும் இதே காற்றுதானே?" என்று கேட்பீர்கள். ஆமாம், அதே காற்றுதான். ஆனால் டீசல் எஞ்சின் லேசான சுமையில் ஓடும்போது எரிபொருளில் பெரும்பகுதியை வெப்பமாக வீணாக்குகிறது. சுமை ஏறும்போது அதன் திறன் கூடுகிறது. அதனால் தேவைப்படும் வேலை இரண்டு மடங்குக்கு மேல் ஆனாலும் எரிபொருள் அதே விகிதத்தில் ஏறுவதில்லை. தனியாக 100 கிலோமீட்டருக்கு 8, 9 லிட்டர் குடிக்கும் பிக்கப் கேரவனோடு 15 லிட்டர் குடிக்கலாம். மின்மோட்டாரில் வீணாவது முதலிலிருந்தே குறைவு. பேட்டரியிலிருந்து வரும் மின்சாரத்தில் சுமார் 10 சதவீதம்தான் வழியில் போகிறது. மறைந்திருக்கும் இருப்பு எதுவும் இல்லாததால், கூடுதல் சுமை முழுவதும் தூரத்தில் தெரிந்துவிடுகிறது.

இருப்பின் அளவையும் பாருங்கள். ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 10 யூனிட் ஆற்றல் இருக்கிறது. அதில் சக்கரத்துக்கு வந்து சேர்வது 3, 3.5 யூனிட். அந்தக் கணக்கில் 120 யூனிட் பேட்டரி என்பது 30, 35 லிட்டர் டீசல். பெரிய பேட்டரி என்று நாம் நினைப்பது, 80 லிட்டர் டேங்க் உள்ள வண்டியில் பாதிக்கும் குறைவாக எண்ணெய் ஊற்றிக் கொடுத்தது போலத்தான் ஆகிறது. தனியாக ஓடும்போது மோட்டாரின் சிக்கனம் இதை மறைத்துவிடுகிறது; கேரவன் வந்ததும் மறைக்க இடமில்லை. ஷெவர்லே சில்வராடோ இவியில் 200 யூனிட்டுக்கு மேல் பேட்டரி வைத்து இதைச் சமாளிக்கிறார்கள். அது உண்மையிலேயே வேலை செய்கிறது. ஆனால் வண்டியே சுமார் நான்கு டன் ஆகிவிடுகிறது, சார்ஜ் ஏற நேரமும் அதற்கேற்பக் கூடுகிறது.

இனி சார்ஜ் நிறுத்தம். நெடும் பயணத்தில் யாரும் பேட்டரியை 100இலிருந்து 0 வரை ஓட்டுவதில்லை. 80 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் வேகம் குறைந்துவிடும், 10க்குக் கீழே போனால் மனம் பதறும். ஆக நிஜத்தில் கையில் இருப்பது 70 சதவீதம். நம் கணக்கில் 84 யூனிட், கேரவனோடு 140 கிலோமீட்டர். ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவாக ஓட்டிவிட்டு முக்கால் மணி நேரம் நிற்க வேண்டும். நாள் முழுக்க இப்படியே போனால் சராசரி வேகம் மணிக்கு 65 கிலோமீட்டர் பக்கம் வந்து நிற்கும்.

அதுவும் சார்ஜர் கிடைத்தவுடன் மாட்ட முடிந்தால்தான். பெரும்பாலான நிலையங்கள் காரைப் பின்னால் எடுத்து நிறுத்தும் வகையில் கட்டப்பட்டவை, கேபிளும் குட்டை. கேரவனோடு உள்ளே நுழைந்தால் மற்ற நான்கு இடங்களை மறைத்துக்கொண்டு குறுக்கே நிற்க வேண்டிவரும். எனவே கழற்ற வேண்டும். சக்கரத்துக்கு அடியில் கட்டை வைக்க வேண்டும், கேரவனின் கைப்பிரேக்கைப் போட வேண்டும், முன் சக்கரத்தைச் சுழற்றி இறக்க வேண்டும். விளக்கு ஒயரைப் பிடுங்க வேண்டும், அறுந்தால் பிரேக் பிடிக்க வைக்கும் பாதுகாப்புக் கம்பியை எடுக்க வேண்டும், கொக்கியை விடுவிக்க வேண்டும். சார்ஜ் ஏறிய பிறகு இதே வரிசையைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். பழகியவருக்கும் ஒவ்வொரு தடவையும் கால் மணி நேரம் போகும். மழை கொட்டும்போது, பின் இருக்கையில் குழந்தைகள் அழும்போது, கேரவனைத் தனியாக விட இடமே இல்லாத வளாகத்தில் இதைச் செய்வது பெரும் தொல்லை. பேட்டரி வேதியியல் முன்னேறுவதற்காகக் காத்திருக்க வேண்டிய பிரச்சினை இல்லை இது. பெட்ரோல் பங்கில் இருப்பது போல ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் தடம் போட்டால் தீர்ந்தது. அப்படிப்பட்ட நிலையங்கள் இப்போது அங்கங்கே கட்டப்படுகின்றன, இன்னும் மிகக் குறைவு. நீங்கள் வழக்கமாகப் போகும் பாதையில் அவை இருக்கின்றனவா என்று வரைபடத்தில் பாருங்கள். என்னைக் கேட்டால், எந்த மாடல் வாங்குவது என்பதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது இதுதான்.

மின்சார இழுவையில் நான் மனமாரப் பாராட்டும் இடம் இறக்கம். வண்டியும் கேரவனும் சேர்ந்து ஐந்தரை டன் என்றால், 1,000 மீட்டர் உயரம் ஏற 15 யூனிட் கூடுதலாக வேண்டும், மோட்டார் இழப்போடு 17. டீசலில் அது போனது போனதுதான். மின்சார வண்டியில் அதே மலையை மிதமான வேகத்தில் இறங்கும்போது 7, 8 யூனிட் பேட்டரிக்குத் திரும்பும். அதைவிட முக்கியம், பிரேக் சூடாவதில்லை. நீண்ட இறக்கத்தில் கேரவன் பின்னாலிருந்து தள்ள, பிரேக் காய்ந்து வாசம் வந்து, மிதி மெத்தென்று உள்ளே போகும் அந்தப் பயம் இல்லை. சுவிட்சர்லாந்தில் பீல் நகருக்கு அருகே ஒரு குவாரியில் கோமாட்சு டம்பர் லாரி ஒன்றை மின்சாரமாக மாற்றி ஓட்டினார்கள். மலைமேல் 65 டன் கல்லை ஏற்றிக்கொண்டு கீழே இறங்கும், காலியாக மேலே ஏறும். இறங்கும்போது சேரும் மின்சாரம் ஏறுவதற்குத் தேவையானதைவிட அதிகமாகவே இருக்கும் என்று அதை உருவாக்கியவர்கள் சொன்னார்கள். உங்கள் கேரவன் மேலே ஏறும்போதும் அதே எடைதான் என்பதால் உங்களுக்கு அந்த லாபம் வராது, ஆனால் தத்துவம் அதேதான். ஒரே ஒரு எச்சரிக்கை: மலை உச்சியில் தங்கி இரவில் 100 சதவீதம் சார்ஜ் ஏற்றிவிட்டுக் காலையில் இறங்காதீர்கள். நிறைந்த பேட்டரிக்குள் திரும்பும் மின்சாரம் நுழைய இடமிருக்காது, மோட்டார் பிரேக் பலவீனமாகும், சாதாரண பிரேக்கே எல்லாவற்றையும் தாங்க வேண்டிவரும். 85, 90 சதவீதத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

சுமைத் திறனையும் ஒரு தடவை கூட்டிப் பாருங்கள். கேரவனின் எடையில் ஒரு பங்கு கொக்கி வழியாக வண்டியின் மேல் இறங்கும். அமெரிக்க முறையில் அது 10 முதல் 15 சதவீதம், ஐரோப்பிய கேரவன்களில் அதைவிடக் குறைவு. அதோடு நான்கு பேர், பெட்டிகள், சமையல் சாமான். பேட்டரியே பல நூறு கிலோ என்பதால் மின்சார வண்டிகளில் மிச்சமிருக்கும் சுமைத் திறன் சில சமயம் வியப்பூட்டும் அளவுக்குக் குறைவாக இருக்கும்.

சரி, கரடுமுரடான பாதைக்கு வருவோம். இங்கே கதை வேறு, எனக்கு மகிழ்ச்சி தரும் கதை.

பாறை மேல் ஊர்வதற்கு வேண்டியது வேகம் இல்லை, அடக்கம். கால் விரலால் அழுத்தும் அளவுக்குச் சக்கரம் திரும்ப வேண்டும். எஞ்சின் அணையுமோ என்ற கவலை இல்லாமல், ஒரு மிதியாலேயே அங்குலம் அங்குலமாக நகர்ந்து, மிதியை விட்டதும் அப்படியே நிற்கும் வண்டி புதிதாகக் கற்பவரை வேகமாக நல்ல ஓட்டுநராக்குகிறது. ஓசை இல்லாதது இன்னொரு வரம். முன்னால் நின்று வழிகாட்டுபவர் மெதுவாகச் சொல்வதே காதில் விழும். டயர் கல்லை நசுக்கும் ஒலி, அடித்தகடு பாறையில் உரசும் முதல் சிராய்ப்பு, சக்கரம் பிடி இழக்கும் கணத்தின் சரசரப்பு எல்லாம் கேட்கும். எஞ்சின் இரைச்சலில் இவையெல்லாம் சேதம் ஆன பிறகுதான் தெரியும்.

ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். பழைய நான்கு சக்கர வண்டிகளில் லோ ரேஞ்ச் என்ற தாழ் கியர் இருக்கும். மணிக்கு 3 கிலோமீட்டரில் ஊரும்போது சக்கரம் நிமிடத்துக்கு 20 சுற்று சுற்றினால், எஞ்சின் 1,200 சுற்றில் நிம்மதியாக ஓடும். மின்சார வண்டிகள் பெரும்பாலானவற்றில் 10க்கு 1 என்ற அளவில் ஒரே ஒரு நிலையான கியர். அதே 3 கிலோமீட்டரில் மோட்டார் 200 சுற்றுதான் சுற்றும். ஏறக்குறைய நின்றுகொண்டே முழு டார்க்கையும் தர வேண்டும். அப்போது உள்ளே பாயும் மின்சாரத்தில் பெரும்பகுதி வேலையாக மாறாமல் வெப்பமாகிறது. பெரிய கல்லில் முட்டி, மிதியை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால், மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் இன்வெர்ட்டர் தன்னைக் காத்துக்கொள்ளப் பலத்தைக் குறைத்துவிடும். பாதி ஏறிய நிலையில் வண்டி தளர்ந்தால் ஓட்டுநர் பயந்துபோவார். சரியான முறை, முட்டிய இடத்தில் அழுத்திக்கொண்டே இருக்காமல் பின்வாங்கி, ஏறும் தடத்தை மாற்றி வருவது. மெர்சிடிஸ் 2024இல் கொண்டுவந்த மின்சார ஜி வேகனான ஜி 580 இந்தப் பிரச்சினையை நேராக எதிர்கொண்டது. நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி மோட்டார், ஒவ்வொன்றுக்கும் தனித் தாழ் கியர். அடியில் பேட்டரியைக் காக்க 26 மில்லிமீட்டர் தடிமனான கார்பன் கலவைத் தகடு. கரடுமுரடான பாதையைப் புரிந்தவர்கள் வடிவமைத்தது என்று பார்த்ததும் தெரிகிறது.

நான்கு மோட்டார் என்றால் எல்லாவற்றையும்விட மேல் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். மூன்று சக்கரம் அந்தரத்திலோ வழுக்கலிலோ இருந்து, ஒரே ஒரு சக்கரத்துக்குத்தான் பிடிப்பு இருக்கிறது என்று வையுங்கள். எல்லாச் சக்கரங்களையும் ஒன்றாகச் சுற்றவைக்கும் டிஃபரன்ஷியல் லாக் போட்ட பழைய வண்டியில் எஞ்சினின் பலம் முழுவதும் அந்த ஒரு சக்கரத்துக்குப் போய்ச் சேரும். நான்கு மோட்டார் வண்டியில் அந்தச் சக்கரத்தின் சொந்த மோட்டார் தருவது மட்டும்தான் கிடைக்கும், மற்ற மூன்றும் உதவ முடியாது. மணலிலும் சேற்றிலும் வேகமாக, நுணுக்கமாகப் பலத்தைப் பங்கிடுவதில் நான்கு மோட்டார் ஜெயிக்கும். கோணலான பாறை இடுக்கில் லாக் ஜெயிக்கும்.

தண்ணீரைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். இங்கே பயம் தேவையற்றது. காற்றை உறிஞ்சும் குழாய் இல்லை, புகைக்குழாய் இல்லை, எஞ்சினுக்குள் தண்ணீர் போய் ராடு வளையும் ஆபத்து இல்லை. பேட்டரிப் பெட்டி தண்ணீர் புகாதபடி அடைக்கப்பட்டது. பெட்ரோல் ஜி வேகன் 700 மில்லிமீட்டர் ஆழம் கடக்கும், மின்சார ஜி 850 மில்லிமீட்டர். ரிவியன் 3 அடிக்கு மேல் சொல்கிறது. கவனிக்க வேண்டியது வேறு. மலை ஏறிச் சூடான மோட்டாரோடு குளிர்ந்த ஓடையில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கும். தேய்ந்த சீல் இருந்தால் தண்ணீரை உறிஞ்சும். ஐந்து நிமிடம் நின்று ஆறவிட்டு இறங்குங்கள். கடல் உப்புத் தண்ணீரில் இறங்கவே இறங்காதீர்கள்.

உண்மையான எதிரி எடைதான். ஆர்1டி 3 டன்னைத் தாண்டும், ஹம்மர் இவி 4 டன்னைத் தாண்டும். பேட்டரி தரையோடு இருப்பதால் பக்கச் சரிவில் கவிழாமல் நிற்கும், அது நிஜமான பலன். ஆனால் ஈர மணலில் புதைந்தால் அந்த எடை முழுவதும் புதையும். புதைந்த வண்டியைக் கம்பியால் இழுத்தெடுக்கும் வின்ச் வாங்க வழக்கமான கணக்கு, வண்டியின் முழு எடையின் ஒன்றரை மடங்கு. சாமானோடு 3,700 கிலோ என்றால் 5,550 கிலோ இழுக்கும் வின்ச் வேண்டும். பரவலாகக் கிடைக்கும் 9,500 பவுண்டு வின்ச் 4,300 கிலோதான் இழுக்கும். 12,000 பவுண்டு வின்ச் கூட 5,440தான். கப்பி போட்டு இரட்டிப்பாக்கினால் ஒழிய வராது. உங்களை மீட்க வரும் நண்பரின் சின்ன ஜீப்பும் அவருடைய பட்டையும் கொக்கியும் இந்த எடைக்கு ஏற்றவையா என்று கிளம்பும் முன் பாருங்கள். சுமை தாங்காமல் அறுந்து பறக்கும் கொக்கி ஆளைக் கொல்லும். மணலில் இறங்கும் முன் டயர் காற்றை 18, 20 பிஎஸ்ஐ வரை இறக்குவது எல்லா வண்டிக்கும் நல்லது, கனமான மின்சார வண்டிக்குக் கட்டாயம்.

தூரம் இங்கேயும் வரும், ஆனால் வேறு முகத்தோடு. பாறையில் நாள் முழுக்க ஊர்ந்தாலும் போகும் தூரம் சில கிலோமீட்டர்தான், நிற்கும்போது மோட்டார் எதையும் குடிப்பதில்லை. பேட்டரி பயப்படும் அளவுக்கு இறங்காது. ஆழ்ந்த மணல் வேறு மாதிரி, செலவை இரண்டு மடங்குக்கு மேல் ஏற்றிவிடும். தடித்த பற்கள் கொண்ட ஆல் டெரெய்ன் டயர் சாலையிலேயே 10 சதவீதத்துக்கு மேல் தூரத்தைத் தின்றுவிடும். காட்டின் விளிம்பில் இருக்கும் கடைசி சார்ஜரிலிருந்து உள்ளே போய்த் திரும்பி வர எவ்வளவு என்பதே கேள்வி. ஒரு நாள் பாதைகளுக்கு அது தாராளமாக வரும். ஆளில்லாத வெளியில் வாரக் கணக்கில் சுற்றுபவர்களுக்கு வராது. 20 லிட்டர் டீசல் கேனின் எடை 17 கிலோவும் கேனும். அது தரும் பயனுள்ள ஆற்றலைப் பேட்டரியாகத் தூக்கிப் போனால் 450 கிலோ ஆகும். சூரியத் தகடு விரித்துச் சார்ஜ் ஏற்றலாம் என்று சிலர் சொல்வார்கள். 400 வாட் தகடு நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு 2 யூனிட் தந்தால் பெரிது, 7 கிலோமீட்டர் போகலாம். வழியில் பழுதானால் சக்கரம் உருள இழுத்துப் போவதையும் பல நிறுவனங்கள் தடை செய்கின்றன, ஏனென்றால் காந்தம் உள்ள மோட்டார் உருளும்போது மின்சாரம் உற்பத்தியாகும். தட்டு லாரி வர முடியாத இடத்தில் இது பெரிய சிக்கல்.

இந்தத் தூரச் சிக்கலுக்கு நடுவழி ஒன்று உருவாகிவருகிறது. 2024 ஜனவரியில் சவூதி அரேபியாவில் நடந்த டக்கார் பந்தயத்தை கார்லோஸ் சைன்ஸ் ஆடி ஆர்எஸ் கியூ இ-ட்ரானில் வென்றார். சக்கரங்களைச் சுழற்றியது மின்மோட்டார். 50 யூனிட் அளவிலான பேட்டரியை ஓடும்போதே நிரப்பியது ஒரு பெட்ரோல் எஞ்சின். அதே யோசனை பிக்கப்களுக்கும் வருகிறது. 2025இல் அமெரிக்காவின் ரேம் நிறுவனம் தன் முழு மின்சாரப் பெரிய பிக்கப் திட்டத்தைக் கைவிட்டு, 92 யூனிட் பேட்டரியோடு 3.6 லிட்டர் எஞ்சினை ஜெனரேட்டராக வைக்கும் வண்டியில் கவனம் வைத்தது. ஃபோர்டும் அந்த ஆண்டின் இறுதியில் லைட்னிங்கின் அடுத்த தலைமுறை ஜெனரேட்டரோடு வரும் என்று அறிவித்தது. வோக்ஸ்வாகன் குழுமத்தின் ஸ்கௌட் நிறுவனமும் அந்த வழியைத் தரப்போவதாக அறிவித்திருக்கிறது. சிலர் இதைத் தோல்வி என்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. மோட்டாரின் அடக்கமும் இறக்கத்தில் மின்சாரம் திரும்புவதும் அப்படியே இருக்க, கேரவன் கட்டிய சில நாட்களுக்கு மட்டும் எண்ணெய் உதவுவது நேர்மையான பொறியியல். கேரவனுக்குள்ளேயே பேட்டரியும் மோட்டாரும் வைத்துத் தன்னைத் தானே தள்ளிக்கொள்ளும் வகையும் உண்டு. 2021இல் ஜெர்மனியின் டெத்லெஃப்ஸ் அப்படி ஒன்றை ஆடி மின்சார காரின் பின்னால் கட்டி ஆல்ப்ஸ் மலையைக் கடந்து காட்டியது.

உங்களுக்கு வருகிறேன். வார இறுதிக் காட்டுப்பாதைக்கு மட்டும் என்றால் தயங்காமல் மின்சாரம் எடுங்கள், ஓட்டும் சுகமே வேறு. கேரவன் பயணங்கள் ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டருக்குள் அடங்கி, தங்குமிடத்தில் இரவில் சார்ஜ் ஏற்ற வசதியும் இருந்தால் அதற்கும் எடுங்கள். ஒரே நாளில் 500 கிலோமீட்டர் இழுக்கும் வழக்கம் மாறாது என்றால் ஜெனரேட்டர் வகை வரும்வரை பழைய டீசலைப் பராமரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

முடிவெடுக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். வாங்க நினைக்கும் வண்டியை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, உங்கள் சொந்தக் கேரவனைச் சாமானோடு கட்டி, வழக்கமான வேகத்தில் நெடுஞ்சாலையில் 50 கிலோமீட்டர் போய் அதே சாலையில் திரும்புங்கள். போகும்போது ஒரு எண், வரும்போது ஒரு எண் திரையில் வரும். காற்றும் மேடும் சமன் ஆவதற்காக இரண்டின் சராசரியை எடுங்கள். பேட்டரியின் பயன்படும் யூனிட்டில் 70 சதவீதத்தை அந்தச் சராசரியால் வகுத்து 100ஆல் பெருக்கினால், இரண்டு சார்ஜருக்கு நடுவே உங்களால் போக முடிந்த தூரம் கிடைக்கும். அதை உங்கள் பாதை வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். கேரவனோடு நுழைய முடிந்த சார்ஜர்கள் அந்தத் தூரத்துக்குள் வரிசையாக இருந்தால் வண்டியை முன்பதிவு செய்யலாம்.